லேப் பழுதில்லை, கேட்டில் நிற்பவர்தான் வேலைக்கு வரவில்லை



கொஞ்சம் நீளமான பதிவுதான். வருகிற வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம் இருக்கிறது. வருபவர்கள் இதை ஒருமுறை வாசித்துவிட்டு வந்தால் நல்லது. வெளிநாட்டில் இருந்துகொண்டு பாடசாலைக்குப் பணம் அனுப்ப யோசிக்கும் பழைய மாணவர்களும் தயவுசெய்து வாசியுங்கள்.

பாடசாலையின் கணினி லேப் "முழுசாப் பழுதாப் போச்சு", "எல்லாம் பழைய சாமான்", "தூக்கிப் போட்டுட்டு இருபது லெப்டொப் வாங்குவோம்" என்று ஒரு கதை வட்ஸ்அப் குழுக்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை அது ஒரு பிரேரணையாகவும் வரப்போகிறது. இந்தப் பாடசாலையில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கும் ஆசிரியர்களாகிய நாங்கள் அந்தப் பிரேரணையை எதிர்க்கிறோம். பிரேரணையைக் கொண்டுவருபவர்கள் நல்ல மனதோடுதான் கொண்டுவருகிறார்கள் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் லேப் பழுதாகவில்லை. நடந்தது என்ன என்று தெரியாமல் ஊரின் பணத்தைச் செலவழித்தால், அடுத்த வருடம் அதே இடத்தில் மறுபடியும் வந்து நிற்போம்.

முதலில் எங்கள் லேப் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

மேசைகளில் இருக்கும் இருபது சிறிய பெட்டிகளுக்குள்ளும் ஹார்ட் டிஸ்க் கிடையாது. அவை "தின் கிளையன்ட்" எனப்படுபவை. சுவிட்சைப் போட்டதும் அவை வலையமைப்பு வழியாக மூலையில் இருக்கும் ஒரே ஒரு சேர்வரிடம் போய், இயங்குதளத்தையும் பிள்ளையின் பைல்களையும் கேட்டு வாங்குகின்றன. வேலை முழுவதும் சேர்வரில் நடக்கிறது. மேசையில் இருப்பது திரையும் கீபோர்ட்டும் மட்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது யாரோ கழித்துவிட்ட முறை என்று நினைக்க வேண்டாம். எல்டிஎஸ்பி என்ற இலவச மென்பொருள் 1999 இல் இதற்காகவே அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. நோர்வேயில் 2001 இல் பாடசாலைகளுக்கென்றே ஆரம்பித்த ஸ்கோலேலினக்ஸ் என்ற திட்டம் இதே வழியில் போனது. அது இன்றும் டெபியன் எடு என்ற பெயரில் இருக்கிறது. பணக்கார நாடான நோர்வேயே பாடசாலைக்கு இது போதும் என்று நினைத்ததற்குக் காரணம் இருந்தது. இருபது இயந்திரங்களைத் தனித்தனியாகப் பராமரிப்பதைவிட ஒன்றைக் கவனமாகப் பராமரிப்பது ஆசிரியருக்கு இலகு.

அந்தச் சேர்வருக்குள் பல சேவைகள் ஓடுகின்றன. பெட்டிகளுக்கு வலையமைப்பில் முகவரி கொடுப்பது ஒன்று. இயங்குதளத்தை அனுப்புவது இன்னொன்று. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. பிள்ளை தன் பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்ததும் "இவர் நம்ம பிள்ளைதான், உள்ளே விடு" என்று சொல்லும் சேவை அது. எங்கள் சேர்வரில் அந்த வேலையைச் செய்வது ஓபன்எல்டாப் என்ற மென்பொருள். பிள்ளைகளின் கணக்குகள் எல்லாம் அதன் பதிவேட்டில்தான் இருக்கின்றன. நூலகத்தில் இருக்கும் இரண்டு கணினிகளும் அதனிடம்தான் கேட்கின்றன. பாடசாலை கேட்டில் நிற்கும் செக்கியூரிட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வகுப்பறை, மேசை, கரும்பலகை, ஆசிரியர் எல்லாம் தயார். ஆனால் அவர் வராததால் கேட் பூட்டியே இருக்கிறது. எங்கள் லேபில் நடந்தது இவ்வளவுதான்.

ஓகஸ்ட்டில் ஒரு ஞாயிறு இரவு நீண்ட மின்வெட்டு. யூபிஎஸ் தாங்கும் நேரத்தையும் தாண்டிப் போனது. சேர்வர் அணைந்தது. திங்கள் காலை மின்சாரம் இருந்தது, சேர்வர் எழும்பியது, இருபது பெட்டிகளும் எழும்பின, லொகின் திரையும் வந்தது. ஆனால் எந்தப் பிள்ளை எந்தப் பாஸ்வேர்டை அடித்தாலும் "பிழை" என்றது. "சேர், பாஸ்வேர்ட் எடுக்குதில்ல" என்று ஒரு வகுப்பே கையை உயர்த்தியது.

அன்றே பார்க்க வந்தவர் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, எல்லாவற்றையும் போர்மட் பண்ணிப் புதிதாகப் போட வேண்டும் என்றார். இரண்டாவதாக வந்தவர் இந்த முறையே சரியில்லை, லெப்டொப் வாங்குங்கள் என்றார். இரண்டு பேரும் சேர்வர் என்ன எழுதி வைத்திருக்கிறது என்று பார்க்கவில்லை. எங்கள் முழு வருத்தமும் அங்கேதான் இருக்கிறது.

கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லித்தந்த ஒரு விடயம் உண்டு. பிள்ளை கணக்கைப் பிழையாகச் செய்திருந்தால் விடையை அழித்துவிட்டுச் சரியானதை எழுதிக் கொடுக்காதே. எந்த வரியில் வழி தவறியது என்று முதலில் பார். அந்த வரி தெரிந்தால்தான் நாளைக்கு அதே பிழை வராது. கணினிக்கும் இது அப்படியே பொருந்தும். பிள்ளையாவது சிலநேரம் இடைப்பட்ட வரிகளை எழுதாமல் விடும். சேர்வர் ஒவ்வொரு வரியையும் லொக் என்ற குறிப்பேட்டில் நேரத்தோடு எழுதி வைக்கிறது. போர்மட் பண்ணினால் முதலில் அழிவது அந்தக் குறிப்பேடுதான்.

கட்டாரில் வேலை செய்யும் எங்கள் பழைய மாணவர் ஒருவர், முன்பு இந்த லேபை அமைத்துத் தந்தவர், இரவு வேலை முடிந்து வட்ஸ்அப் வீடியோவில் வந்தார். அவர் அங்கிருந்து சொல்லச் சொல்ல நாங்கள் இங்கே செய்தோம். அன்றைய இரவின் ஒழுங்கை விபரமாக எழுதுகிறோம். வேறு பாடசாலைகளில் இருக்கும் ஆசிரியர்களுக்கும் உதவக்கூடும்.

முதல் கேள்வி, பிழை எல்லோருக்குமா ஒருவருக்கா? ஒரு பிள்ளைக்கு மட்டும் என்றால் பாஸ்வேர்ட் மறந்திருக்கலாம். முந்நூறு பிள்ளைகள் ஒரே இரவில் பாஸ்வேர்ட் மறக்க மாட்டார்கள். ஆகவே பிழை பிள்ளைகளிடம் இல்லை.

இரண்டாவது, எவையெல்லாம் வேலை செய்கின்றன? பெட்டிகள் எழும்பி லொகின் திரை காட்டின. அந்தத் திரையே சேர்வரில் இருந்துதான் வருகிறது. ஆகவே வலையமைப்பும் சுவிட்சும் கேபிளும் சரி, சேர்வரின் டிஸ்க்கும் வாசிக்கப்படுகிறது. "ஹார்ட் டிஸ்க் போயிட்டு" என்ற பேச்சு இந்த இடத்திலேயே நிற்கவில்லை.

மூன்றாவது, சேர்வரின் சொந்த நிர்வாகக் கணக்கால் உள்ளே போக முடிகிறதா? முடிந்தது. ஏனென்றால் அந்தக் கணக்கு ஓபன்எல்டாப் பதிவேட்டில் இல்லை, சேர்வரின் சொந்தப் பைலில் இருக்கிறது. ஆகவே வீடு நல்லாயிருக்கிறது, கேட் மட்டும்தான் பிரச்சினை என்பது உறுதியானது.

நான்காவது, அந்தச் சேவையின் நிலை என்ன என்று கேட்டோம். "தோல்வி" என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. எழும்ப முயன்றிருக்கிறது, எழும்ப முடியாமல் விழுந்திருக்கிறது. பலர் இந்த இடத்தில் மறுபடி மறுபடி ஸ்டார்ட் கொடுத்துப் பார்ப்பார்கள். பத்துத் தடவை கொடுத்தாலும் பத்துத் தடவையும் அதே காரணத்தால்தான் விழும்.

ஐந்தாவது, லொக்கை வாசித்தோம். சேவை விழுவதற்குச் சற்று முன் எழுதிய வரி இதுதான்: "டிஎல்எஸ் இனிட் டெஃப் சிடிஎக்ஸ் பெயில்ட், மைனஸ் ஒன்று." பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் அது எந்த அறையில் பிரச்சினை என்று சொல்லிவிடுகிறது. பாஸ்வேர்ட்கள் கேபிளில் போகும்போது யாரும் ஒட்டுக்கேட்காமல் இருக்க மறைகுறியாக்கம் செய்வார்கள். அதற்கு ஒரு சான்றிதழ் பைலும் ஒரு இரகசியத் திறவுகோல் பைலும் வேண்டும். சேவை எழும்பும்போது இரண்டையும் வாசிக்கும். அந்த வாசிப்புத்தான் தோல்வியடைந்திருந்தது.

ஆறாவது, அந்த இரண்டு பைல்களையும் போய்ப் பார்த்தோம். இரண்டும் இருந்தன. சான்றிதழின் காலமும் முடியவில்லை. ஆனால் திறவுகோல் பைலை வாசிக்கும் அனுமதி நிர்வாகிக்கு மட்டும்தான் இருந்தது. இந்தச் சேவை பாதுகாப்புக்காக நிர்வாகியின் பெயரில் ஓடுவதில்லை, தனக்கென்று ஒரு சிறிய கணக்கில் ஓடுகிறது. அந்தக் கணக்குக்குத் திறவுகோலைத் தொட அனுமதியில்லை. செக்கியூரிட்டி வேலைக்கு வந்தார், கேட் சாவி அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது, அவர் திரும்பிப் போய்விட்டார்.

அனுமதியைச் சரிசெய்தோம். அந்தச் சேவை வாசிக்கலாம், வேறு யாரும் வாசிக்கக்கூடாது என்ற அளவில் மட்டும். சேவை எழும்பியது. நூலகக் கணினியில் ஒரு கணக்கால் லொகின் பண்ணிப் பார்த்தோம், போனது. மொத்தமாக ஒரு மணி நேரம்கூட எடுக்கவில்லை. செலவு ஒரு சதமும் இல்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்கு முன்பு எட்டுப் பாடசாலை நாட்கள் லேப் பூட்டிக் கிடந்தது.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். அந்தப் பைலின் திகதி ஏப்ரல் மாதம். அதாவது விடுமுறையில் பராமரிப்புக்கு வந்த ஒரு நிறுவனத்தின் ஆட்கள் சான்றிதழைப் புதுப்பித்துப் போன நாள். அன்று அவர்கள் புதுத் திறவுகோலை வைத்துவிட்டுப் போனார்கள், சேவையை நிறுத்தித் திரும்ப இயக்கிப் பார்க்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த சேவை பழைய திறவுகோலை ஏற்கனவே நினைவகத்தில் வாசித்து வைத்திருந்தது. அதனால் ஒரு பிரச்சினையும் தெரியவில்லை. சின்னச் சின்ன மின்வெட்டுகளை யூபிஎஸ் தாங்கிக்கொண்டது. நாலு மாதம் எல்லாம் சரியாகவே இருந்ததுபோல் இருந்தது. நீண்ட மின்வெட்டு வந்து சேர்வர் முதல் தடவையாக அணைந்து எழும்பியபோதுதான் ஏப்ரலில் வைத்த பிழை வெளியில் வந்தது.

ஆகவே மின்வெட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. நம் நாட்டில் மின்வெட்டு புதிதா? 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டைப் பார்த்தோம். 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் இருண்டது, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதாக அமைச்சர் சொன்னார். இந்த நாட்டில் சேர்வர் வைத்திருப்பவர் அது ஒருநாள் திடீரென்று அணையும் என்று தெரிந்துதான் வைத்திருக்க வேண்டும். மின்வெட்டு பிழையை உண்டாக்கவில்லை, காட்டிக்கொடுத்தது.

இது நமது ஊருக்கு மட்டும் வரும் பிரச்சினையும் அல்ல. 2020 டிசம்பர் 14 ஆம் திகதி, எங்கள் நேரப்படி மாலை 5 மணிக்குப் பிறகு, ஜீமெயிலும் யூடியூபும் கூகுள் டிரைவும் உலகம் முழுவதும் முக்கால் மணி நேரமளவில் நின்றது நினைவிருக்கலாம். கொரோனாக் காலம் என்பதால் ஒன்லைன் வகுப்புகளும் நின்றன. அன்றும் எவருடைய மின்னஞ்சலும் அழியவில்லை. யூடியூபில் லொகின் பண்ணாமல் போனவர்களுக்கு வீடியோ ஓடியது. விழுந்தது ஆளை அடையாளம் காணும் சேவை மட்டும்தான். காரணத்தைக் கூகுளே பின்னர் விரிவாக எழுதி வெளியிட்டது. அந்தச் சேவைக்குரிய இட ஒதுக்கீட்டை நிர்வகிக்கும் முறையில் ஒக்டோபரில் ஒரு மாற்றம் தொடங்கியிருக்கிறது. பழைய முறையின் ஒரு பகுதி அப்படியே விடப்பட்டதால் பாவனை பூச்சியம் என்று தவறாகக் கணக்குக் காட்டியிருக்கிறது. சலுகைக் காலம் ஒன்று இருந்ததால் உடனே ஒன்றும் தெரியவில்லை. அது முடிந்த நாளில்தான் விழுந்தது.

ஒக்டோபரில் வைத்தது டிசம்பரில் வெடித்தது, ஏப்ரலில் வைத்தது ஓகஸ்ட்டில் வெடித்தது. கூகுளுக்கும் நமது பாடசாலைக்கும் உள்ள வித்தியாசம், அவர்கள் நடந்ததை எழுதி வைத்தார்கள், அடுத்தமுறை என்ன செய்வது என்றும் எழுதினார்கள். "கணினிகளைத் தூக்கிப் போடுவோம்" என்று எவரும் சொல்லவில்லை.

இப்போது அந்த எட்டு நாட்களைப் பற்றிப் பேசுவோம். வீட்டில் லெப்டொப் இருக்கும் பிள்ளைக்கு லேப் எட்டு நாள் பூட்டியதால் ஒன்றும் குறையவில்லை. தரம் 11 இல் சாதாரண தரப் பரீட்சைக்கு இந்தப் பாடத்தை எடுத்திருப்பவர்களில் பலருக்கு வீட்டில் கணினி இல்லை. வாப்பா கடலுக்குப் போகிறவர், உம்மா வீட்டில் தையல். அந்தப் பிள்ளை வாரத்தில் கீபோர்ட்டைத் தொடுவது லேபில் கிடைக்கும் இரண்டு பாடவேளைகளில் மட்டும்தான். விரிதாளும் தரவுத்தளமும் புத்தகத்தில் படம் பார்த்துப் படிக்கிற விடயங்கள் அல்ல. லேப் பூட்டினால் அந்தப் பிள்ளைக்குப் பாடமே பூட்டுகிறது. ஆகவே "கணினி விடயம் கணினி ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று ஊர் விலகி நிற்கக்கூடாது.

போர்மட் பண்ணியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். சேர்வரில் ஒவ்வொரு பைலிலும் உரிமையாளர் பெயர் எழுதப்படுவதில்லை, ஒரு இலக்கம்தான் எழுதப்படுகிறது. எந்த இலக்கம் எந்தப் பிள்ளை என்பது ஓபன்எல்டாப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. பைல்களை வேறாக எடுத்து வைத்துவிட்டு, பதிவேட்டை எடுக்காமல் போர்மட் பண்ணி, பிள்ளைகளின் கணக்குகளை வேறு ஒழுங்கில் புதிதாகத் திறந்தால் இலக்கங்கள் மாறும். ஒரு பிள்ளை மாதக்கணக்கில் செய்த செயற்றிட்டம் இன்னொரு பிள்ளையின் பெயரில் திறக்கும். பிறகு ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்து மாற்ற வேண்டும். முந்நூறு பிள்ளைகள் என்றால் யோசித்துப் பாருங்கள்.

குறுக்குவழிகளும் உண்டு. திறவுகோல் பைலை எல்லோரும் வாசிக்கலாம் என்று திறந்துவிட்டால் ஒரு நிமிடத்தில் வேலை முடியும். மறைகுறியாக்கத்தையே நிறுத்திவிட்டாலும் சேவை எழும்பும். ஆனால் முதலாவதில் லேபில் இருக்கும் எந்தக் கணக்காலும் இரகசியத் திறவுகோலை எடுக்கலாம். இரண்டாவதில் நூலகத்தில் இருந்து போகும் பாஸ்வேர்ட்கள் கேபிளில் திறந்தபடி போகும். பிள்ளைகளின் பாஸ்வேர்ட் அமானிதம். வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்பதற்காக அதை விட்டுக்கொடுக்க முடியாது.

சரி, லெப்டொப் பிரேரணைக்கு வருவோம். அதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டோம். சேர்வர் ஒன்று விழுந்தால் இருபது மேசையும் விழுகிறது. லெப்டொப் என்றால் ஒன்று பழுதானாலும் பத்தொன்பது ஓடும். உண்மைதான். ஆனால் அந்த இருபதுக்கும் இருபது பற்றரி. இருபது சார்ஜர். இருபது தடவை அப்டேட். இருபது இடத்தில் வைரஸ். பிள்ளை இன்று இருந்த லெப்டொப்பில் செய்த வேலை நாளைக்கு வேறு லெப்டொப்பில் இருக்காது. பற்றரிகள் சில வருடங்களில் தளர்ந்துவிடும், அதற்கு மறுபடியும் ஊரிடம்தான் வர வேண்டும். தின் கிளையன்ட் பெட்டிகளில் சுழலும் டிஸ்க் இல்லை, பற்றரி இல்லை, மின்சாரமும் குறைவு. பெட்டி ஒன்று பழுதானால் கழற்றிவிட்டு வேறொன்றை வைத்தால் அதே பிள்ளை அதே பைல்களோடு தொடரலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் இழந்தது இயந்திரத்தை அல்ல. ஏப்ரலில் என்ன மாற்றினார்கள் என்று எழுதி வைக்க ஒரு கொப்பி இல்லை. செய்த மாற்றத்தை நம் கண் முன்னால் சோதித்துக் காட்டச் சொல்லும் வழக்கம் இல்லை. விழுந்தபோது லொக்கை வாசி என்று சொல்ல ஊருக்குள் ஆள் இல்லை, கட்டாரில் இருந்து ஒருவர் வேலை முடிந்து வர வேண்டியிருந்தது. இந்த மூன்றும் இல்லாமல் இருபது லெப்டொப் வாங்கினால், இருபது தனித்தனிப் பூட்டுகளை வாங்கியதாக முடியும்.

ஆகவே வெள்ளிக்கிழமை நாங்கள் வைக்கும் மாற்றுப் பிரேரணை இது. பெரிய தொகை ஒன்றும் தேவையில்லை.

1. லொக்கை வாசித்துப் பிரதி எடுத்து, பதிவேட்டையும் பைல்களையும் வேறாக எடுத்து வைக்காமல் எவரும் சேர்வரைப் போர்மட் பண்ணக்கூடாது. அதிபரின் எழுத்துமூல அனுமதியும் வேண்டும்.

2. சேர்வருக்குப் பக்கத்தில் ஒரு சீஆர் கொப்பி. யார் வந்தார், எந்தத் திகதி, எதை மாற்றினார், ஏன் என்று எழுதிக் கையொப்பம் இட வேண்டும். பணம் வாங்கி வேலை செய்பவராக இருந்தாலும், இலவசமாகச் செய்யும் பழைய மாணவராக இருந்தாலும், எங்களில் ஒருவராக இருந்தாலும் இதே விதிதான்.

3. எந்த மாற்றம் செய்தாலும் அன்றே, செய்தவர் போவதற்கு முன், சேர்வரை முழுவதும் அணைத்துத் திரும்ப எழுப்பி, ஒரு பிள்ளையின் கணக்கால் உள்ளே போய்க் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் பணம். ஒவ்வொரு தவணை விடுமுறையிலும் நாங்களே ஒருமுறை வேண்டுமென்றே அணைத்து எழுப்பிப் பார்ப்போம். விழுவதானால் விடுமுறையில் விழட்டும், பரீட்சைக்கு முதல் நாள் விழ வேண்டாம்.

4. ஓபன்எல்டாப் பதிவேட்டை வாரம் ஒருமுறை சாதாரண எழுத்துப் பைலாக வெளியே எடுக்கும் வசதி அந்த மென்பொருளிலேயே இருக்கிறது. அதை ஒரு பென்டிரைவில் எடுத்து லேபுக்கு வெளியே, அதிபரின் அலுமாரியில் பூட்டி வைக்க வேண்டும். சான்றிதழ் முடியும் திகதியைச் சுவர்க் கலண்டரில் சிவப்பில் எழுத வேண்டும்.

5. நிர்வாகப் பாஸ்வேர்ட் ஒரே ஆளிடம் இருக்கக்கூடாது. முத்திரையிட்ட உறை ஒன்றில் அதிபரிடமும், இரண்டு ஆசிரியர்களிடமும் இருக்க வேண்டும். ஆள் இடமாற்றம் பெற்றுப் போகும்போது பாஸ்வேர்டை மாற்ற வேண்டும்.

6. சேர்வரின் சொந்தப் பைலில் இருபது அவசரக் கணக்குகளை முன்கூட்டியே திறந்து பூட்டி வைக்க வேண்டும். அவை ஓபன்எல்டாப்பை நம்பியிருப்பதில்லை. இனி இப்படி ஒன்று நடந்தால் அன்றே அவற்றைத் திறந்துவிட்டுப் பாடத்தை நடத்தலாம், பிழையைப் பிறகு தேடலாம். இது இருந்திருந்தால் எட்டு நாள் என்ற பேச்சே வந்திருக்காது.

7. உயர்தரத்தில் இந்தப் பாடம் எடுக்கும் பிள்ளைகளில் நாலு பேரை, ஆண் பிள்ளைகள் இருவர், பெண் பிள்ளைகள் இருவர், சேர்வர் பராமரிப்புக்குப் பழக்க வேண்டும். நிர்வாகப் பாஸ்வேர்ட் அவர்களுக்குத் தேவையில்லை. லொக்கை வாசிக்கவும் நாங்கள் மேலே சொன்ன ஆறு கேள்விகளை ஒழுங்காகக் கேட்கவும் பழகினால் போதும். இயங்குதளம், வலையமைப்பு என்று பாடத்திட்டத்தில் இருப்பதை உண்மையில் தொட்டுப் படிப்பது இதுதான். நாளைக்கு அவர்களில் ஒருவர் இதையே தொழிலாகவும் கொள்ளலாம்.

பணம் தர விரும்புபவர்களிடம் ஒரு வேண்டுகோள். இருபது லெப்டொப்புக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு சிறு பகுதி போதும். யூபிஎஸ்சுக்குப் புது பற்றரி வேண்டும். நீண்ட மின்வெட்டில் பற்றரி முடிவதற்கு முன் சேர்வர் தானாக ஒழுங்காக அணையும்படி இரண்டையும் இணைக்கும் கேபிளும் வேண்டும். பிரதி எடுத்து வைக்க இன்னொரு ஹார்ட் டிஸ்க் வேண்டும். பெட்டிகள் இரண்டு மூன்று மேலதிகமாக இருந்தால் நல்லது. மீதியைப் பத்திரமாக வைத்திருங்கள். சேர்வர் உண்மையாகவே வயதாகி விழும் நாள் ஒன்று வரும், அன்று நாங்களே வந்து கேட்போம். அப்போது எந்த உதிரிப் பாகத்துக்கு, ஏன், எவ்வளவு என்று கொப்பியைத் திறந்து காட்டிக் கேட்போம்.

இவ்வளவையும் செய்ய ஆட்கள் முன்வராவிட்டால் என்ன செய்வது என்று சிலர் கேட்கிறார்கள். நேர்மையாகச் சொன்னால், பார்த்துக்கொள்ள ஆளில்லாத சேர்வரை வைத்திருப்பதைவிட வைத்திராமல் இருப்பது நல்லது. ஆனால் நமது ஊரில் ஆள் இல்லை என்பதை நாங்கள் நம்பவில்லை. வங்கியில், வைத்தியசாலையில், தொலைத்தொடர்பு நிறுவனங்களில் கணினி வேலை செய்யும் நம் பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! மாதத்தில் ஒரு சனிக்கிழமை, இரண்டு மணி நேரம். ஒருவர் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை, பெயர்ப்பட்டியல் போட்டு முறை வைத்துச் செய்யலாம். விருப்பமுள்ளவர்கள் கொமெண்டில் பெயரைப் போடுங்கள், அல்லது அதிபரிடம் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களும் சேரலாம். வீடியோவில் எவ்வளவு செய்யலாம் என்பதை இந்த முறை பார்த்துவிட்டோம்.

பெற்றோரிடமும் ஒன்று. லேப் இப்போது திறந்திருக்கிறது. தவறிய பாடவேளைகளை ஈடுசெய்ய தரம் 11 பிள்ளைகளுக்குச் செவ்வாய், வியாழன் பாடசாலை விட்ட பிறகு மேலதிக நேரம் ஒதுக்கியிருக்கிறோம். பிள்ளையை அனுப்பி வையுங்கள். வீட்டில் கணினி இல்லாத பிள்ளைகளுக்கு முதல் இடம்.

வெள்ளிக்கிழமை சந்திப்போம், இன்ஷா அல்லாஹ். லெப்டொப் வேண்டும் என்று நினைப்பவர்கள் கட்டாயம் வாருங்கள், உங்கள் கேள்விகளைக் கேளுங்கள். சேர்வரின் லொக்கில் அந்த வரியை அச்செடுத்துக் கொண்டு வருவோம். அதைப் பார்த்த பிறகு வாக்களியுங்கள்.